குறிஞ்சியும் ஆடாதோடையும்

கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவில் அருள்மிகு குறிஞ்சி ஆண்டவர் திருக்கோயில் அமைந்துள்ளது. மூடுபனி விலகிய காலைப் பொழுதில் அங்கிருந்து வடக்கே நோக்கினால் பழநி மலையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் தெரியும். தெற்கே வைகை அணையின் நீர்ப்பரப்பு தெரியும். தரிசனம் முடித்து வெளியே வருகின்றவர்கள் பழநி இருக்கும் திசையைக் கேட்டறிந்து கைகூப்புகிறார்கள். அடுத்ததாக அவர்கள் கேட்பது, குறிஞ்சிச் செடி எங்கே என்பதுதான்.

செடியைக் காட்டினால் பலருக்கு முகம் சற்று வாடிவிடுகிறது. முழங்கால் உயரமோ இடுப்பு உயரமோ வளர்ந்த, ஓரத்தில் சிறு பற்கள் கொண்ட இலைகளையுடைய சாதாரணப் பச்சைப் புதர் அது. பூ இல்லை, மொட்டும் இல்லை. கடைசியாக 2018-ஆம் ஆண்டு பூத்தது. அடுத்து 2030-ஆம் ஆண்டில் பூக்க வேண்டும். அதுவரை நாம் இருப்போமோ இல்லையோ என்று பெரியவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். உடனே, ஒரு கன்று கிடைக்குமா, வீட்டுத் தொட்டியில் வைத்து வளர்க்கலாகாதா என்ற கேள்வி எழுகிறது. முருகனுக்கு உகந்த மலர். மருந்துச் செடி என்றும் சொல்கிறார்கள். அது பூசையறைக்கு அருகில் இருந்தால் நல்லதல்லவா என்பது அவர்களது எண்ணம்.

அந்த எண்ணத்திற்கு இரண்டு விடைகள் உண்டு. குறிஞ்சியை மலையிலேயே விட்டுவிட வேண்டும் என்பது ஒன்று. அதே குடும்பத்தில் பிறந்த உண்மையான மருந்துச் செடி ஒன்றை, ஒரு சாண் குச்சியை நட்டே வீட்டில் வளர்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முதலாவதன் காரணத்தை அறிந்தால்தான் இரண்டாவதன் அருமை விளங்கும்.

கோயிலைப் பற்றி முதலில் ஒரு சொல். இது தொன்மையான தலம் அன்று. 1936-ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. எழுப்பியவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஹாரிசன் என்ற குடும்பப் பெயருடன் இலங்கைக்கு வந்து, சைவ நெறியைத் தழுவி, சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். இராமநாதன் இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். கொழும்புப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல் திருப்பணியாக்கியவர். யாழ்ப்பாணத்தை அடுத்த மருதனார்மடத்தில் பெண்மக்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவியவர். அவர் 1930-இல் மறைந்தார். அதன் பின்னரே அம்மையார் கொடைக்கானலில் முருகனுக்குத் திருக்கோயில் எடுத்தார். பிற்காலத்தில் அது பழநி தேவஸ்தானத்தின் பொறுப்பில் வந்தது. எங்கோ பிறந்த ஒரு பெண்மணி, தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்திற்குத் தெய்வமாக வைத்த சேயோனுக்கு, அந்நிலத்தின் பூவைப் பெயராகக் கொண்ட கோயிலை அமைத்தார் என்பதை நினைக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது. கோயில் எழுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1934-இல், குறிஞ்சி பூத்த ஆண்டு வந்திருந்தது.

குறிஞ்சியின் கணக்கு பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. 1838-ஆம் ஆண்டு முதலாகப் பூத்த ஆண்டுகள் குறிப்பிடப்பட்டு வருகின்றன. நம் வாசகர்களின் வாழ்நாளுக்குள் வந்தவை 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018. பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் இதில் ஒரு நயத்தைக் காணலாம். பவ, விய, விளம்பி, சாதாரண, துந்துபி ஆகிய ஐந்து ஆண்டுகளில்தான் குறிஞ்சி மாறி மாறிப் பூக்கிறது. ஐந்து பூப்புகள் கடந்தால் அறுபது ஆண்டுச் சக்கரம் ஒருமுறை சுற்றி முடிகிறது. 2030-இல் வரப்போவது சாதாரண ஆண்டு. 1970-இல் இருந்ததும் அதுவே. கும்பகோணத்து மகாமகமும், கோயில்களில் குடமுழுக்கு நடத்தும் வழக்கமும் இதே பன்னிரண்டையொட்டி வருவதால் இக்கணக்கு நமக்கு அந்நியமானது அன்று. பழநி மலைத்தொடரில் வாழும் பளியர் மக்கள் தங்கள் வயதையே குறிஞ்சி பூத்த தடவைகளைக் கொண்டு கணக்கிட்டு வந்தார்கள். அந்த முறைப்படி, 1946-இல் பிறந்த ஒருவர் 2030-இல் தம் எட்டாவது குறிஞ்சியைக் காண்பார். அப்போது அவருக்கு வயது 84.

மலைச்சரிவு முழுவதும் ஒரே ஆண்டில், பெரும்பாலும் ஆடி தொடங்கி ஐப்பசி வரையுள்ள மாதங்களில் நீலமாகிறது. தேனீக்கள் மொய்க்கின்றன. குறுந்தொகையின் மூன்றாம் பாடலிலேயே குறிஞ்சிப் பூவையும் அதிலிருந்து உண்டாகும் தேனையும் காண்கிறோம்; ஆகவே இக்காட்சிக்குத் தமிழ் இலக்கியத்தில் மிக நெடிய வயது உண்டு. ஆனால் அந்த நீலத்தைக் காணச் செல்கின்றவர்களில் பலர் அறியாதது ஒன்று உண்டு. பூத்த செடி மறுபடி பூப்பதில்லை. மல்லிகையைப் போலவோ செம்பருத்தியைப் போலவோ அடுத்த பருவத்தில் துளிர்த்து மொட்டு விடுவதில்லை. பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே ஒருமுறை பூத்து, காய்த்து, விதை முற்றியதும் அச்செடி காய்ந்து மடிந்துவிடுகிறது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு உரிய செடி, அது சிந்திய விதையிலிருந்து எழ வேண்டும்.

அந்த விதை எங்கே விழுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சிறுவயதில் வயல்வரப்பில் கிடைக்கும் பட்டாசுக்காயைத் தண்ணீரில் போட்டு, அது பட்டென்று வெடிப்பதைக் கண்டு மகிழாதவர் நம் தலைமுறையில் குறைவு. அதுவும் குறிஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்த செடிதான். காய் வெடித்து உள்ளிருக்கும் கொக்கி போன்ற உறுப்பு விதையை உந்தி எறிவது இக்குடும்பத்தின் பொதுவான இயல்பு. குறிஞ்சியின் சிறிய காய்க்குள் சில விதைகளே இருக்கும். அவற்றுக்குச் சிறகு இல்லை; பஞ்சு இல்லை; பறவை விரும்பித் தின்று தொலைவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சதைப்பழமும் இல்லை. தாய்ச்செடியிலிருந்து சில அடித் தொலைவுக்குள் விழுவதே வழக்கம். ஆகையால் ஒரு சரிவில் குறிஞ்சி அழிந்தால் அடுத்த சரிவிலிருந்து அது எளிதில் வந்து சேர்வதில்லை. எலியும் பூச்சியும் தின்றது போக மிஞ்சினால்தான் முளைக்கும் என்பதால், எல்லாச் செடிகளும் ஒரே ஆண்டில் பூத்து, தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதையைக் கொட்டுகின்றன. கூட்டமாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு பலிக்கும்.

இப்போது பூத்த கிளையொன்றை ஒடிப்பதன் பொருள் விளங்கும். ஒரு நாள் பூவைப் பறித்ததாக அது முடிவதில்லை. அந்தக் கிளையில் முற்றியிருக்க வேண்டிய விதைகள் இல்லாமற் போகின்றன. வங்கிக் கணக்கில் பழகியவர்களுக்குச் சொல்வதானால், பன்னிரண்டு ஆண்டு வைப்புத்தொகையை முதிர்வுக்குச் சில வாரங்கள் முன்னதாக உடைத்து, வட்டியோடு முதலையும் இழப்பதற்கு ஒப்பாகும். புகைப்படத்திற்காகக் கூந்தலில் செருகிக்கொள்வோர் ஒருபுறம் இருக்க, பக்தியினால் ஒடிப்போரும் உண்டு. முருகனுக்குரிய பூ, பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை கிடைப்பது, அவன் திருவடியில் வைக்காமல் போவதா என்பது அவர்களது வாதம். அந்த ஆசையில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் நந்தவனத்தில் பூசைக்கென்றே வளர்த்த செடியில் பறிப்பது வேறு. காட்டில் தானாக நிற்பதை ஒடிப்பது வேறு. பிறர் தோட்டத்துப் பூவைக் கேளாமல் பறித்துப் பூசை செய்வது தகாது என்று நம் வீடுகளில் சிறு குழந்தைக்கும் சொல்லித் தருகிறோம். மலை யாருடையது என்று கேட்டால் அந்தப் பக்தரே முருகனுடையது என்பார். அவன் இடத்தில், அவன் கண்முன் பூத்திருப்பதை ஒடித்து நாம் மீண்டும் அவனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு, நீலக்குறிஞ்சி பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. வனநிலத்தில் அதைப் பறிப்பதும் பிடுங்குவதும் தண்டனைக்குரிய குற்றம். உரிமம் பெறாமல் அதை வளர்ப்பதற்கும் விற்பதற்கும் அனுமதி இல்லை. ஆகவே கன்று கிடைக்குமா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. சட்டம் இடம் கொடுத்தாலும் சமவெளியில் அது பிழைக்காது. ஏறத்தாழ 4,300 அடிக்கு மேற்பட்ட மலைப் புல்வெளியின் குளிரும் மண்ணும் அதற்கு வேண்டும். மதுரையிலோ திருச்சியிலோ மாடித் தொட்டியில் அது வாடுவதைக் காண்பதால் யாருக்கும் புண்ணியம் இல்லை.

அந்தப் புல்வெளிகளும் சுருங்கிவிட்டன என்பதுதான் வருத்தத்திற்குரிய செய்தி. சீகை, யூகலிப்டஸ், பைன் ஆகிய அயல்நாட்டு மரங்கள் விறகுக்காகவும் தொழிற்சாலைகளின் தேவைக்காகவும் பழநி மலைத்தொடரில் பெருமளவில் நடப்பட்டன, விவசாயமும் விரிந்தது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் இம்மலைத்தொடரின் இயற்கைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக விண்கலப் படங்களைக் கொண்டு காட்டியது. மரம் நடுவது எப்போதும் நற்செயல் என்றே நாம் பழகிவிட்டோம். புல்வெளியில் மரம் நட்டால் குறிஞ்சிக்கு வெயில் மறைந்துபோகும் என்று அன்று எவரும் நினைக்கவில்லை. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மலைக்கு அப்பால் கேரளத்தில் 2006-ஆம் ஆண்டிலேயே குறிஞ்சிக்கென்று தனிச் சரணாலயம் அமைந்தது. அதே ஆண்டு அஞ்சல் துறை குறிஞ்சிக்குத் தபால் தலை வெளியிட்டது. சேகரிப்பில் வைத்திருக்கும் அன்பர்கள் எடுத்துப் பார்த்தால் பூவின் நிறத்தை ஓரளவு அறியலாம். 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று நீலக்குறிஞ்சி சேர்க்கப்பட்டது.

இனி, குறிஞ்சி மருந்துச் செடியா என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கேரள வைத்தியத்தில் சகசராதித் தைலம் என்று ஒன்று உண்டு. இடுப்பு வலிக்கும் முழங்கால் வாதத்திற்கும் தேய்த்துக்கொள்ளும் பெரியவர்கள் அதை அறிவார்கள். அதில் சேரும் கருங்குறிஞ்சி வேறொரு செடி. மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி என்ற பெயரைத் தாங்கிய இனங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் பூக்கும் கணக்கும் வேறு. இடையிடையே ஏதேனும் ஓர் ஆண்டில் குறிஞ்சி பூத்தது என்று நாளிதழில் செய்தி வருவதும் இதனால்தான். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் பெருமை அதன் தேனில் இருக்கிறது. அதன் இலையையோ வேரையோ பறித்துக் கஷாயம் வைக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

மருந்து வேண்டுவோர் கையை நீட்ட வேண்டியது அதன் உறவினரை நோக்கி. குறிஞ்சியின் குடும்பம் பெரிது. தலையில் சூடும் கனகாம்பரம் அதில் ஒன்று. காய்ச்சலுக்குக் கசக்கக் கசக்கக் குடித்த நிலவேம்பு மற்றொன்று. இருமலுக்கும் சளிக்கும் நம் பாட்டிமார் முதலில் தேடிய ஆடாதோடையும் இக்குடும்பத்ததே. குறிஞ்சி எவ்வளவு அரியதோ ஆடாதோடை அவ்வளவு எளியது. குறிஞ்சி விதையை மட்டுமே நம்பி, அதுவும் வாழ்நாளில் ஒருமுறை மட்டும், பெருகுகிறது. ஆடாதோடை ஒடித்து நட்ட இடத்தில் எல்லாம் உயிர் பிடிக்கிறது. இயற்கை ஒரே குடும்பத்தில் இப்படி இருவரைப் படைத்திருக்கிறது.

ஆடு தொடாத இலை என்பதனால் அப்பெயர் என்பார்கள். ஆடு மட்டுமல்ல, மாடும் அதன் கசப்புக்கு அஞ்சி விலகும். அதனால்தான் கிராமங்களில் தோட்டத்திற்கு உயிர்வேலியாக இதை வைத்தார்கள். வயலுக்குத் தழையுரமாகவும் போட்டார்கள். நான்கடி முதல் எட்டடி வரை வளரும் புதர். இலைகள் எதிரெதிராக, ஈட்டி முனைபோல் நீண்டு, ஒரு சாண் வரையிலும் இருக்கும். பூ வெண்மை, இரண்டு உதடுகள் கொண்டது, கீழ் உதட்டில் ஊதா நிற வரிகள் ஓடும். வாய் திறந்த சிங்கத்தைப் போல் இருப்பதால் வடமொழியில் சிம்ஹாஸ்யம் என்று ஒரு பெயரும் இதற்கு உண்டு. சிங்கமுகம் என்றவுடன் கந்தபுராணம் கேட்டவர்களுக்குச் சூரபன்மனின் தம்பி நினைவுக்கு வரக்கூடும். இந்தச் சிங்கமுகம் சாதுவானது, நமக்கு நன்மையே செய்வது. வாசா, வாசகம் என்பவை இதன் மற்ற வடமொழிப் பெயர்கள்.

அந்த வாசா என்ற பெயரிலிருந்துதான் வாசிசின் என்ற சொல் பிறந்தது. உதகமண்டலத்தில் சென்னை அரசாங்கத்தின் கொயினா ஆய்வாளராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்ற ஆங்கிலேயர், 1888-ஆம் ஆண்டு ஆடாதோடை இலையிலிருந்து பிரித்தெடுத்த கசப்புச் சத்துக்கு இட்ட பெயர் அது. இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சத்தின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. அதன் வழியில் வந்ததே அம்ப்ராக்சால். இன்று மருந்துக் கடையில் வாங்கும் சளி இளக்கும் பல பாகுகளின் குப்பியில் இவ்விரு பெயர்களில் ஒன்று அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். பாட்டி வைத்தியம் என்று பேரப்பிள்ளைகள் நகைத்தால் அந்தக் குப்பியை எடுத்துக் காட்டினால் போதும். 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது தெருத்தெருவாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் ஆடாதோடையும் உண்டு, நிலவேம்பும் உண்டு.

வளர்க்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். விதையைத் தேடி அலைய வேண்டியதில்லை; குச்சியே போதும். குறைந்தது இரண்டு ஆண்டு வளர்ந்த, நோயற்ற செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நுனியில் உள்ள பச்சைத் தளிர்த்தண்டு அழுகிவிடும். அடியில் உள்ள முற்றிய கட்டை வேர்விடத் தாமதிக்கும். இரண்டுக்கும் நடுவே, பென்சில் கனத்தில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய தண்டே ஏற்றது. அதிகாலையில் வெட்டுவது நல்லது. ஒரு சாண் நீளம், மூன்று அல்லது நான்கு கணுக்கள் இருக்க வேண்டும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாகவும், மேற்பக்கத்தை நேராகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்ற குழப்பம் பின்னர் நேராது. இதைச் சிறு செய்தி என்று தள்ளிவிடக் கூடாது. தலைகீழாக நட்டுவிட்டு, கைராசி இல்லை என்று வருந்துகின்றவர்கள் எத்தனையோ பேர்.

கீழ்க் கணுக்களில் உள்ள இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரித்துவிட்டால் நீர் ஆவியாவது குறையும். செம்மண், மணல், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட பையில் நிரப்பி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு நட்டு, சுற்றிலும் விரலால் அழுத்திவிட வேண்டும். வெட்டிய முனையைச் சோற்றுக்கற்றாழைச் சாற்றில் தோய்த்தால் வேர் விரைவில் வரும் என்று தோட்டக்காரர்கள் சொல்வதுண்டு. ஆடாதோடைக்கு அந்த உபசாரம் அவசியமில்லை. குனிந்து நிமிர இயலாத பெரியவர்கள் பைகளை ஒரு மேசை மீதோ திண்ணை மீதோ வைத்துக்கொள்ளலாம். நிழல் வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும்; சேறாக இருக்கக் கூடாது.

மூன்று நான்கு வாரங்களில் கணுவில் துளிர் தலைகாட்டும். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். துளிர் விட்டுவிட்டது, இனி வெயிலில் வைக்கலாம், தரையில் நடலாம் என்று அவசரப்படுகிறார்கள். அந்தத் துளிர் குச்சி தன்னிடமிருந்த பழைய சத்தைச் செலவழித்து விட்டது. வேர் இன்னும் வந்திராது. இழுத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய புதுவேர் ஒருமுறை அறுந்தால் குச்சி பட்டுப்போகும். இரண்டு மாதம் பொறுத்தால் பையின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும். அதன்பிறகு ஓரடிக் குழியில் தொழு உரம் இட்டு நடலாம். வேலியாக வைப்பதானால் இரண்டு அல்லது மூன்றடி இடைவெளி போதும். தொட்டியில் வைப்பவர்கள் ஓரடி அகலத்திற்குக் குறையாத தொட்டியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெயிலும் ஏற்கும், அரைநிழலும் ஏற்கும், வேரில் நீர் தேங்குவதை மட்டும் பொறுக்காது. ஆடி மழையிலோ ஐப்பசி மழையின் தொடக்கத்திலோ நட்டால் நீர் ஊற்றும் உழைப்பு பாதியாகும்.

பழநி மலைத்தொடரில் வாழும் அன்பர்கள் இடத்தையும் பார்த்து நட வேண்டும். ஆடாதோடை ஏறத்தாழ நான்காயிரம் அடி உயரம் வரை தாங்கும். கீழ்மலையில் உள்ள ஊர்களுக்கும் அடிவாரத்துப் பழநி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு வட்டாரங்களுக்கும் அது பொருந்தும். முருகன் பழநிக்குத் தாண்டிக் குதித்த இடம் என்று வழங்கும் தாண்டிக்குடி ஏறக்குறைய அதன் எல்லை. குழந்தை வேலப்பர் எழுந்தருளியிருக்கும் பூம்பாறைக்கும், கொடைக்கானலுக்கும், அதற்கு அப்பாலுள்ள மேல்மலை ஊர்களுக்கும் கொண்டு சென்றால் மார்கழிப் பனியில் கருகிவிடும். குறிஞ்சி இறங்கி வராது. ஆடாதோடை ஏறிப் போகாது.

நட்ட ஓராண்டுக்குள் வீட்டுத் தேவைக்கு இலை கிடைக்கத் தொடங்கும். முற்றிய இலைகளைப் பறிக்க வேண்டும். தளிரை விட்டுவிட வேண்டும். இலையைக் கொதிக்க வைத்து வடித்து, தேன் கலந்து அருந்துவது வழக்கமான முறை. சித்த மருந்துக் கடைகளில் ஆடாதோடை மணப்பாகு கிடைக்கும். தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் பனியில் பாதயாத்திரை சென்று திரும்பும் வீடுகளில் இது ஒரு குப்பி இருப்பது நல்லது. மணப்பாகில் சர்க்கரை உண்டு என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கலாகாது. அளவைச் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே முறை. மிகுதியானால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். கருவுற்ற பெண்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை இதற்கு உண்டு. வீட்டில் மருமகளோ பேத்தியோ கருவுற்றிருக்கும்போது, இருமுகிறாளே என்ற அன்பினால் பெரியவர்கள் கஷாயம் நீட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்றொன்றும் உண்டு. இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அரசு மருத்துவமனைகள் சொல்கின்றன. காசநோயாக இருக்கலாம் என்ற ஐயத்தினால் சொல்வது அது. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. கொல்லையில் ஆடாதோடை இருக்கிறது என்ற தைரியத்தில் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தவறு. வயது முதிர்ந்தவர்களிடம் இந்த வழக்கம் அதிகம். மூப்பின் இருமல் என்று தாமே முடிவு கட்டிக்கொள்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னதாக, செடியைப் பாதி உயரத்திற்குக் கவாத்து செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடியில் இலை உதிர்ந்து, தலைப்பக்கம் மட்டும் புதராகக் கவிழ்ந்து நிற்கும். வெட்டிய தழையை எறிந்துவிடலாகாது. நொச்சி, வேம்பு, எருக்கு முதலியவற்றின் இலைகளோடு சேர்த்து ஊற வைத்தால் மற்றச் செடிகளுக்குப் பூச்சிவிரட்டியாகும். தண்டுகளைப் பழைய கணக்கின்படி ஒரு சாண் அளவில் நறுக்கினால், நன்கு வளர்ந்த ஒரு செடி பத்துப் பதினைந்து குச்சிகளாவது தரும். கோயில் நந்தவனத்தில் இடம் இருந்தால் நிர்வாகத்தினரைக் கேட்டு மதிலோரம் சில குச்சிகளை நடலாம். மீதியை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் வாடாது. அந்த வாரம் யார் வீட்டுக்கு வருகிறார்களோ, அவர்களது கையில் இரண்டு குச்சி கொடுத்தனுப்பலாம். எது தலை, எது கால் என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.